மண் தின்னாத துணி

ஞானசுந்தரி வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தாள். அலட்டல் இல்லாத சாவு. மூன்று மாதமாகக் கட்டிலோடு கிடந்தவள், அரை டம்ளர் காபி குடித்தாள், "சக்கரை கம்மி" என்றாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள், அவ்வளவுதான். எழுபத்திரண்டு வயது. அழ வேண்டியவர்கள் அழுதார்கள். ஆனாலும் மாரிகுப்பத்தில் அன்றைக்கு அந்த வீட்டுக்கு வந்தவர்களில் "நல்ல சாவு" என்று சொல்லாத ஆள் இல்லை. அடக்கம் சனிக்கிழமை நாலு மணிக்கு என்று போதகரும் சொல்லிவிட்டுப் போனார்.

சிக்கல் வந்தது துணியில்.

ஞானசுந்தரிக்கு ஒரே மகள், ரெபேக்கா. நாற்பத்தெட்டு வயது. விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போய், ஏற்றுமதித் துணி தைக்கிற ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகத் துணி செக்கர் வேலை பார்க்கிறவள். கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கு எரியும், மேலே துணி ஓடும். எங்கே நூல் அறுந்திருக்கிறது, எங்கே சாயம் திட்டாக நிற்கிறது என்று கண்ணால் பிடித்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அவள் கண்ணுக்குத் தப்பிய ஓட்டை கிடையாது என்று சூப்பர்வைசரே சொல்லுவார். துணி பருத்தியா இல்லையா என்று சந்தேகம் வந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு நூலை உருவி நெருப்புக்குச்சியைக் காட்டுவாள். காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக நின்றால் பாலியஸ்டர்.

நாலைந்து வருஷமாக வெளிநாட்டுக்காரர்கள் வேறு வந்து வகுப்பு எடுக்கிறார்கள். பாலியஸ்டர் என்பது பெட்ரோலில் இருந்து வருகிற பிளாஸ்டிக்தான், ஒவ்வொரு தடவை துவைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத தூசியாக உதிர்ந்து ஏரிக்கும் கடலுக்கும் போகிறது, மீன் வயிற்றில்கூட இருக்கிறது என்றெல்லாம் படம் போட்டுக் காட்டினார்கள். பருத்தியும் லேசுப்பட்டதில்லை, ஒரு சட்டைக்கு வேண்டிய பஞ்சு விளைய ஒரு ஆள் இரண்டு வருஷம் குடிக்கிற தண்ணீர் வேண்டும், அதனால் எடுத்த துணியைக் கிழிகிற மட்டும் உடுத்துங்கள் என்றார்கள். ரெபேக்கா கேட்டாள், கொடுத்த சமோசாவைத் தின்றாள், வந்ததற்குக் கையெழுத்துப் போட்டாள், மேசைக்குத் திரும்பிவிட்டாள். கம்பெனி சமாச்சாரம் கம்பெனியோடு.

இல்லாவிட்டால் அந்த கவுனை வாங்கியிருப்பாளா? அம்மாவுக்கு இனி தேறாது என்று டாக்டர் சொன்ன வாரமே பெங்களூரில் ஒரு கடையில் தேடி எடுத்துவிட்டாள். வெள்ளை சாட்டின். கழுத்திலும் கையிலும் லேஸ். முக்காட்டு வலை, லேஸ் கையுறை எல்லாம் சேர்ந்த செட். லேபிள் பார்க்காமல் எடுக்கிற ஆளா அவள்? பார்த்தாள். நூற்றுக்கு நூறு பாலியஸ்டர். கசங்காது, மங்காது. நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்து, கவரோடு பீரோ மேல் வைத்தாள்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது, காரணத்தின் பெயர் ஆர்தர். சித்தப்பா மகன். பெங்களூரில் பெரிய வேலை, பெரிய கார், அதைவிடப் பெரிய வாய். சாவு வீட்டுக்கு வந்தால் செத்தவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் உடுத்தியிருக்கிற துணியைப் பார்ப்பான். பெத்தேல் தெருவில் ஒரு கிழவிக்குச் சாதாரணப் புடவை உடுத்தி அனுப்பினார்கள் என்று "மூணு பசங்க இருந்தும் ஆயாவுக்கு ஒரு நல்ல துணி இல்ல, பாவம்" என்று அவன் சொன்ன ஒரு வார்த்தை, மூன்று வருஷம் அந்தக் குடும்பத்தின் பின்னாலேயே சுற்றியது. தன் அம்மாவை யாரும் அப்படிப் பாவம் சொல்லக் கூடாது என்பது ரெபேக்காவின் வைராக்கியம். ஊரார் வாய்க்குப் பயப்படுகிறவள் என்று அவளைச் சொன்னால் கோபம் வரும். ஆனால் உண்மை அதுதான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாதர் சங்கத்துப் பெண்கள் ஐந்து பேர் வந்தார்கள். அந்தச் சபையில் பெண்கள் இறந்தால் குளிப்பாட்டி உடுத்துவது அவர்கள் பொறுப்பு. வீட்டுப் பெண்கள் உள்ளே வரக் கூடாது, வெளியே உட்கார்ந்து அழலாம். சங்கத்துக்குத் தலைவி வினோலியா, ஐம்பத்தெட்டு வயது, தொண்டையைத் திறந்தால் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். அவள் ரெபேக்காவைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"ரெபேக்கா, உங்கம்மா என்கிட்ட ஒண்ணு சொல்லிச்சு. போன மாசமே சொல்லிச்சு."

"இன்னா சொல்லிச்சு?"

"பீரோ மேல ஒரு கவுன் கீதாமே? பளபளன்னு. அது வேணாமாம். ஒரு நூல் புடவை கட்டி அனுப்புங்கன்னு சொல்லிச்சு. மழமழப்புத் துணி மேல பட்டா ஒடம்பு அரிக்குதாம்."

"செத்ததுக்கு அப்புறம் இன்னாக்கா அரிப்பு?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'உனக்கு இன்னாடி தெரியும், நீ செத்துப் பாத்தியா'ன்னு கேட்டுது. நான் இன்னா சொல்ல?"

ரெபேக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அம்மா அப்படித்தான். நைலான் புடவையை வாழ்நாளில் ஒரே ஒரு தடவை கட்டி, கழுத்தெல்லாம் தடித்துப்போய், அன்றைக்கே பாத்திரக்காரனுக்குப் போட்டவள். மகளிடம் சொன்னால் சண்டைக்கு வருவாள் என்று வினோலியாவிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

"அந்த மாதிரி எல்லாம் முடியாதுக்கா" என்றாள் ரெபேக்கா. "ஊரே வருது. வீட்ல கட்ற நூல் புடவையில அனுப்பிச்சா இன்னா பேசுவாங்க? ஒரே பொண்ணு, பெங்களூர்ல சம்பாதிக்கிறா, பெத்தவளுக்கு ஒரு துணி எடுக்கலன்னு பேசமாட்டாங்களா?"

"பேசுவாங்கதான்" என்று வினோலியா ஒத்துக்கொண்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, சுமை இறங்கியது. கவுனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

பதினோரு மணிக்குக் கதவு திறந்தபோது ஞானசுந்தரி சாட்டின் கவுனில், லேஸ் கையுறையோடு, முக்காட்டு வலைக்குள் படுத்திருந்தாள். பெட்டிக்குள்ளும் சுற்றிலும் சாட்டின் மெத்தை. ஆர்தர் அதற்குள் வந்துவிட்டான். பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். "சூப்பர்க்கா, பெரியம்மா மகாராணி மாதிரி கீறாங்க" என்றான், மொபைலில் படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டான். ரெபேக்காவுக்கு நெஞ்சில் இருந்த பாரம் பாதி குறைந்தது. ஆனால் பெட்டி அருகே குனிந்தபோது, யாரோ தெரியாத பொம்பளை படுத்திருப்பதுபோல ஒரு நிமிஷம் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு சௌந்தரராஜன் போன் பண்ணினான். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவன்.

"ரெபேக்காம்மா, குழி தொறந்தாச்சு. வீட்டு ஆளு ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போங்க."

அந்த மண்ணில் கடப்பாறை லேசில் இறங்காது. ஒரு முழம் போனால் பாறை. அதனால் குடும்பத்துக்கு ஒரு குழி என்று அந்தக் காலத்திலிருந்தே வழக்கம். முன்னால் போனவரின் எலும்பை எடுத்து வெள்ளைத் துணியில் முடிந்து, புதுப் பெட்டியின் கால்மாட்டில் வைத்து மூடுவார்கள். மூடுவதற்கு முன்னால் குடும்பத்தில் ஒருவர் வந்து, ஆமாம் எங்கள் ஆள்தான் என்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். பெரும்பாலும் ஆண்கள்தான் போவார்கள். ரெபேக்காவின் புருஷன் டைட்டஸ் செருப்பை மாட்டினான். மெதுவான மனுஷன், சொன்னதைச் செய்கிறவன்.

"நீ இருப்பா" என்றாள் ரெபேக்கா. "எங்கப்பா. நான் போறேன்."

அப்பா ஏசுபாதம் செத்து இருபத்தாறு வருஷம். தங்கச் சுரங்கத்தில் மேற்கூரை விழாமல் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை. முப்பது வருஷம் காக்கி அரைக்கால் சட்டையும் வேர்வையுமாகவே இருந்தவர். சுரங்கத்தை மூடுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் நெஞ்சு அடைத்துச் செத்துப்போனார். அப்போது ரெபேக்காவுக்கு இருபத்திரண்டு வயது, வேறொரு கம்பெனியில் வேலைக்குப் போன முதல் வருஷம்.

கல்லறைத் தோட்டத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. மதிலுக்கு அந்தப் பக்கம், சுரங்கக் கழிவு குவிந்த சைனைட் மேட்டிலிருந்து காற்று வெள்ளைத் தூசியை அள்ளிக்கொண்டு வந்தது. சௌந்தரராஜன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகம் துடைத்தான். இருபது வருஷமாக அங்கே வெட்டுகிறவன், பேச ஆள் கிடைத்தால் விடமாட்டான். அன்றைக்கு அவன் வாயும் கொஞ்சம் அடங்கித்தான் இருந்தது.

"வாங்கம்மா. பெட்டி போயிடுச்சு. ஆணி மட்டும் கெடச்சுது. அப்பாவ எடுத்து முடிஞ்சு வெச்சிகீறேன்" என்று ஒரு சின்ன வெள்ளை மூட்டையைக் காட்டினான். ஒரு குழந்தையைச் சுற்றி வைத்த அளவுதான் இருந்தது. ரெபேக்கா அதைத் தொட்டுக் கும்பிட்டாள். அழுகை வரவில்லை. மனசு அமைதியாகத்தான் இருந்தது.

"இத இன்னா பண்றதுன்னு கேக்கத்தான் ஒங்கள வரச் சொன்னேன்" என்றான் அவன்.

பக்கத்தில் தார்ப்பாயின் மேல் ஒரு கோட்டு கிடந்தது.

கோட்டு, கால்சட்டை, டை. மண் அப்பியிருந்தது, நிறம் வெளுத்திருந்தது. மற்றபடி கோட்டு கோட்டாகவே இருந்தது. பொத்தான் மூன்றும் இடத்தில் இருந்தன. கால்சட்டையில் தேய்த்த மடிப்புக்கூடத் தெரிந்தது.

ரெபேக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் எடுத்த கோட்டு. வாழ்நாள் முழுக்கக் காக்கி போட்ட மனுஷன் போகும்போதாவது சுரங்கத்து ஆபீசர் மாதிரி போகட்டும் என்று, ராபர்ட்சன்பேட்டையில் துணி எடுத்து, டெய்லர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து தைத்து வாங்கி வந்த கோட்டு. அம்மா வேட்டி சட்டை போதும் என்றாள். இவள் கேட்கவில்லை. "இது தலைமுறைக்கும் வரும்மா" என்று கடைக்காரர் சொன்னதை ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சத்தியவான்! சொன்ன சொல் தவறவில்லை.

அவள் கை தானாகத் துணியின் மேல் ஓடியது. பத்தொன்பது வருஷப் பழக்கம் போகுமா? இரண்டு நூல் கலந்து நெய்த துணி. அதில் ஒன்றை மண் தின்றிருந்தது, அதனால் முழங்கைப் பக்கம் கொசுவலை மாதிரி தெரிந்தது. பாலியஸ்டர் மட்டும் அப்படியே நின்றிருந்தது. உள்ளே வைத்த சாட்டின் லைனிங்கில் ஒரு இழை அறுபடவில்லை. தையல் பிரியவில்லை. மேசையில் வந்திருந்தால் பாஸ் போட்டு அனுப்பியிருப்பாள்.

"அண்ணா" என்றாள். "அடியில ஒரு புடவ இருந்திருக்கணுமே? அம்மா தன்னோட நூல் புடவை ஒண்ண விரிச்சு, அது மேலதான் அப்பாவப் படுக்க வெச்சுது. மஞ்சள், செவப்புக் கரை."

சௌந்தரராஜன் தலையாட்டினான். "ஒரு நூலு இல்லம்மா. நூல் துணின்னா மண்ணு சீக்கிரம் எடுத்துக்கும். வருஷத்துக்குள்ள மண்ணோட மண்ணாப் பூடும். அவரோட போயிருக்கும்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அம்மா கொடுத்தது அப்பாவோடு போய்விட்டது. தான் கொடுத்தது அப்பாவை அனுப்பிவிட்டு, இருபத்தாறு வருஷம் இருட்டில் வெறும் கோட்டாகக் கிடந்திருக்கிறது. வாய்விட்டே அழுதாள். சௌந்தரராஜன் கொஞ்சம் தள்ளிப் போய்க் கடப்பாறையில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டு நின்றான்.

அழுது முடித்ததும் கேட்டாள்: "எல்லார் குழியிலயும் இப்படித்தான் வருதாண்ணா?"

"அந்தக் காலத்துக் குழியில ஒண்ணும் வராது. நல்ல மண்ணா வரும், கையில எடுத்தா வாசனையா இருக்கும். இந்த முப்பது நாப்பது வருஷத்துக் குழி தொறந்தாத்தான் ரோதன. துணியப் பிடிச்சு இழுத்து இழுத்து எனக்கு முதுகே போச்சு. எரிச்சுப் பாத்தேன். சொட்டு சொட்டா உருகி ஒழுகுது, கறுப்புப் பொக, ரெண்டு நாளு தலைவலி. குப்ப வண்டியில போட மனசு வரல, யாரோ பெத்தவங்க போட்டுக்கினு போனது. வாங்க, காட்றேன்."

மதிலின் மூலையில் சிமெண்டு சாக்கு மூட்டைகள் இருபதுக்கு மேல் அடுக்கி, மேலே தகரம் போட்டு மூடி வைத்திருந்தான். ஒரு சாக்கின் வாயை அவிழ்த்தான். கவுன்கள், ஜரிகைப் புடவைகள், பெட்டி மெத்தை, பிளாஸ்டிக் மாலை. எல்லாம் செம்மண் நிறத்தில், எல்லாம் முழுசாக. மேலாக ஒரு ஜோடி லேஸ் கையுறை கிடந்தது. ஐந்து விரலும் ஐந்து விரலாக இருந்தது.

ரெபேக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலையில் அம்மா கையில் மாட்டியதும் அதேதான், அதே பூ வேலைப்பாடு.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா" என்றான் சௌந்தரராஜன் அவசரமாக. "கேட்டீங்க, காட்டினேன். ஒங்க ஜனங்க வழக்கம், நான் பேசக் கூடாது."

"எங்க வழக்கம் ஒண்ணும் இல்லண்ணா. நாங்களே பண்ண கூத்து. கோட்ட இங்க போடாதீங்க, நான் எடுத்துக்கினு போறேன்" என்று சொல்லி, ரெபேக்கா ஆட்டோவுக்கு நடந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது ஒன்றரை மணி. வினோலியா பின்கட்டில் அப்போதுதான் தட்டில் கை வைத்திருந்தாள்.

"யக்கா, அம்மாவுக்குப் புடவ மாத்தணும்."

வினோலியா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டாள். "உனக்கு இன்னா பைத்தியமா? மூணு மணிக்குப் பெட்டி கெளம்பணும். கையி மடங்காது, காலு மடங்காது. எவ்ளோ கஷ்டப்பட்டு உடுத்திகீறோம் தெரியுமா? ஊரே பாத்துட்டுப் போச்சு, அந்த ஆர்தரு போட்டோ வேற போட்டுட்டான்!"

"கையப் பிடிக்க நானும் உள்ள வர்றேன்."

"வீட்டுப் பொம்பள உள்ள வர்ற வழக்கம் இல்ல."

"இன்னியிலேருந்து இருக்கட்டும்." ரெபேக்கா கையில் கொண்டுவந்த பிளாஸ்டிக் பையை அவிழ்த்து, உள்ளே இருந்த கோட்டைக் காட்டினாள். "இது எங்கப்பாவோடது. இப்ப குழியிலேருந்து எடுத்துக்கினு வர்றேன்."

வினோலியா கோட்டைப் பார்த்தாள். கிட்டே வந்து காலரைத் தூக்கிப் பார்த்தாள். அவள் இதுவரை சாட்டின் உடுத்தி அனுப்பிய பெண்கள் நூற்றுக்கு மேல் இருப்பார்கள்.   பிறகு கையைக் கழுவினாள்.

"எந்தப் புடவ?" என்றாள்.

பீரோவைத் திறந்ததும் வினோலியா மேலாக இருந்த நீலப் புடவையை எடுத்தாள். புதுசு மாதிரி இருந்தது, காட்டன் என்று சொல்லி வாங்கியது. ரெபேக்கா ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, நெருப்புக்குச்சியைக் கிழித்தாள்.

"சாவு வீட்ல இன்னாடி இது வேல?"

நூல் எரிந்தது, முனையில் சின்னதாகக் கறுப்பு மணி உருண்டது. கலப்பு. "இது வேணாம்." இரண்டாவதும் அப்படியே. சங்கத்துப் பெண்கள் நாலு பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள், ஒருத்தி தன் முந்தானையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அடித்தட்டில், துவைத்துத் துவைத்துப் பூப்போல் ஆகிவிட்ட ஒரு பச்சைக் கட்டம் போட்ட புடவை இருந்தது. நூல் சட்டென்று பற்றியது, காகிதம் எரிகிற வாசனை வந்தது, ரெபேக்கா விரலால் நசுக்கியதும் சாம்பல் மாவாக உதிர்ந்தது.

ஆனால் தோளுக்கு வருகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒட்டு. வேறு துணியில், வேறு பச்சையில். அம்மா தன் கையால் போட்டது.

"ஒட்டு தெரியுமே, ரெபேக்கா" என்றாள் வினோலியா மெதுவாக. "வேற நல்லதா ஒண்ணு இப்ப ஓடிப்போய் வாங்கினு வந்துடலாமா? நேரம் கீது."

ரெபேக்கா ஒட்டின் மேல் விரலை வைத்தாள். ஒட்டுப்போட்ட புடவையில் ஊர் நடுவே, கோயில் நடுவே, ஆர்தர் முன்னால்.  கடைக்கு ஆள் அனுப்பலாம்தான். அம்மா கேட்டது கடைப் புடவை இல்லையே. இத்தனை வருஷம் அம்மா உடம்பில் கிடந்து பழகிய துணி, இதுதான் அரிக்காத துணி.

"தெரியட்டும்க்கா" என்றாள்.

கதவைச் சாத்தினார்கள். நூல் வெட்டுகிற சின்னக் கத்திரியால் ரெபேக்கா கவுனின் முதுகுத் தையலை மேலிருந்து கீழ்வரை வெட்டினாள். கையுறையை விரல் விரலாக உருவினாள். அம்மாவின் உள்ளங்கையில் பாத்திரம் தேய்த்த காய்ப்பு அப்படியே இருந்தது. வினோலியா தோளைத் தாங்கிப் பிடிக்க, இருவருமாகப் புடவையைச் சுற்றினார்கள். டைட்டஸ் வெளியே குறடால் பெட்டியிலிருந்து சாட்டின் மெத்தையைப் பிய்த்துப் போட்டு, வீட்டில் இருந்த பழைய பருத்திப் போர்வையை நாலாக மடித்து விரித்தான். ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. புடவை கட்டி முடித்து முகத்தைப் பார்த்தபோது, அது அம்மாவாக இருந்தது. "இப்பதான் ஞானம் அத்த" என்று வினோலியாவும் சொன்னாள், சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோயிலில் பெட்டியைத் திறந்து வைத்தார்கள். வரிசையாக வந்து பார்த்தவர்கள் முகம் ஒரு நொடி சுருங்கியதை ரெபேக்கா பார்க்கத்தான் செய்தாள். "காலைல வேற துணி இல்ல?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள். "யாருக்குத் தெரியும்" என்று யாரோ சொன்னார்கள். அவளுக்குக் காதெல்லாம் சூடானது. பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, எழுத்தைப் பார்க்காமலே பாடினாள்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை மூடுவதற்கு முன் கடைசியாக முகம் பார்க்கச் சொன்னார்கள். ஆர்தர் முன்னால் வந்தான். அடக்கத்துக்கென்று கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தான். குனிந்தான். தோளில் இருந்த ஒட்டைப் பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் அந்தப் "பாவம்" தயாராக இருந்தது.

"இன்னாக்கா இது" என்றான். மெதுவாகச் சொல்கிற ஆள் இல்லை, எல்லாருக்கும் கேட்டது. "கவுன எடுத்துட்டு ஒட்டுப் புடவையா? பெரியம்மாவுக்கு ஒரு நல்ல துணி போட்டு அனுப்பக் கூடாதா? என்கிட்ட சொல்லியிருந்தா நான் எடுத்துக் குடுத்திருப்பேனே."

 டைட்டஸ் ஒரு அடி முன்னால் வந்தான். ரெபேக்கா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். எந்த வார்த்தைக்கு மூன்று மாதமாகப் பயந்தாளோ அந்த வார்த்தை வந்தே விட்டது. வந்த பிறகு பார்த்தால் அது அவ்வளவு பெரிதாக இல்லை.

"அப்பாவுக்கு நல்ல துணி போட்டேன், தம்பி" என்றாள். "நீ சின்னப் பையன், உனக்கு ஞாபகம் இருக்காது. கோட்டு, டை எல்லாம் போட்டு அனுப்பினேன். மத்தியானம் குழி தொறந்து பாத்தேன். அந்தக் கோட்டு இன்னும் நல்லாத்தான் கீது. ஒரு பொத்தான் விழல. அப்பாதான் அதுல இல்ல."

ஆர்தர் தன் கோட்டுக் கையை ஒரு முறை பார்த்துக்கொண்டான். சௌந்தரராஜன் வெள்ளை மூட்டையைக் கால்மாட்டில் இறக்கி வைத்துவிட்டு, கயிற்றைப் பிடிக்க ஆள் கேட்டான். ஆர்தர் கோட்டைக் கழற்றி மதில் மேல் போட்டுவிட்டு வந்து, ஒரு முனையைப் பிடித்தான்.